சைக்கிள் கம்பி ஒடிந்தால் தண்டம் கட்டுவது யார்?

குத்து விழுந்தது ஒரு தெருவில். உயிர் போனது வேறு தெருவில்!

சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் விலை சில ரூபாய்தான். ஒரு டீ விலை கூட இல்லை. ஆனால் அந்தக் கம்பி காலை 6 மணிக்கு ‘டங்’ என்று ஒடிந்தால் பால் பாக்கெட் போடுகிறவருக்கு அன்றைய பிழைப்பு கெட்டது. தண்ணீர் கேன் போடுகிறவருக்குப் பாதி நாள் கூலி போச்சு. பள்ளிக்கூடம் போகிற பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், முதல் பீரியடுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

பின் சக்கரம் கோட்டம் கண்டு, ரிம் பிரேக்கில் உரசி, நடு ரோட்டில் சைக்கிள் அப்படியே நின்றுவிட்டால்? பின்னால் மாநகர பஸ் வரும். தண்ணீர் லாரி வரும். அப்போது ஆபத்து கம்பிக்கு அல்ல, ஆளுக்கு!

சென்னையில் சைக்கிள் ஒழிந்துபோய்விட்டது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்குத் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும். பேப்பர் போடும் பையன், டீ கேன் கட்டியவர், காசிமேட்டில் மீன் எடுத்து வருகிறவர், நைட் டூட்டி முடிந்து வீடு திரும்பும் வாட்ச்மேன், தூக்குச் சட்டியோடு வேலைக்குக் கிளம்பும் கொத்தனார் என்று வரிசையாகப் போவார்கள். வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்த பிறகும் இவர்களுக்கு சைக்கிள்தான் கால்.

இவர்கள் சைக்கிளில் கம்பி ஒடிவது ஏன்? அதற்கு யார் பொறுப்பு?

‘நான் இல்லை சார், அவன்!’

இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது.

“ஓவர் லோடு சார். ரெண்டு கேன் வெக்கிற வண்டியில நாலு கேன் வெச்சா தாங்குமா?” என்பார் சைக்கிள் கடைக்காரர்.

“போன மாசம்தான் மாத்தினேன். டூப்ளிகேட் கம்பி போட்டுட்டாரு” என்பார் சைக்கிள்காரர்.

“கம்பியில ஒரு குறையும் இல்லை. ரோடு இருக்கிற லட்சணம் அப்படி” என்பார் உதிரி பாகம் விற்பவர்.

ரோடு போட்ட காண்டிராக்டரைக் கேட்டால், “நான் போட்டது நல்ல ரோடு. தோண்டினவங்களைப் போய்க் கேளுங்க” என்று கை காட்டுவார். தோண்டியவரோ, “பள்ளத்தை மூடியாச்சு. மேலே தார் போடறது வேற டிபார்ட்மெண்ட்” என்று முடித்துக்கொள்வார்.

கடைசியில் பாக்கெட்டில் கை விட்டுக் காசை எடுப்பவர் யார்? சைக்கிள்காரர்தான்! ஐந்து பேர் மேல் புகார் இருக்கிறது. தண்டம் கட்டுவது மட்டும் ஒரே ஆள். அதுவும் புகார் கொடுத்த ஆள்!

இது நியாயமா? விசாரித்துப் பார்க்கலாம்.

கயிற்றுக் கட்டில் கணக்கு

முதலில் சக்கரம் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய கறுப்பு சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்பது பழைய காலத்துக் கணக்கு. ஒவ்வொரு கம்பியும் 2 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். இந்த ஈர்க்குச்சி போன்ற கம்பியா ஆளையும் மூட்டையையும் தாங்குகிறது?

தாங்குகிறது. ஆனால் தூண் தாங்குவது போல் அல்ல. கயிற்றுக் கட்டில் தாங்குவது போல!

கயிற்றுக் கட்டிலில் ஆள் படுக்க முடிவது எதனால்? கயிறு எல்லாம் இழுத்துக் கட்டி விறைப்பாக இருப்பதால்தான். சைக்கிள் சக்கரமும் அதே மாதிரிதான். நடுவில் இருக்கும் ஹப்புக்கும் வெளியே இருக்கும் ரிம்முக்கும் இடையில் எல்லாக் கம்பிகளும் இழுத்து முறுக்கப்பட்டிருக்கின்றன. நல்ல எஃகில் செய்த 2 மில்லிமீட்டர் கம்பியை நேராகப் பிடித்து இழுத்தால் 200 கிலோவுக்கு மேலேயே தாங்கும். அதனால் “கனம் தாங்காமல் பட்டென்று அறுந்துவிட்டது” என்று சொல்வது பெரும்பாலும் பொருந்தாது.

அப்படியானால் ஏன் ஒடிகிறது?

சக்கரம் சுற்றும்போது, எந்தக் கம்பி தரைப் பக்கம் வருகிறதோ அந்தக் கம்பியின் விறைப்பு கொஞ்சம் குறையும். மேலே போனதும் மறுபடி பழைய விறைப்பு வந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் இது ஒரு முறை நடக்கும். 

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். 1 கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று. வியாசர்பாடியிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகிற ஒருவர் போக வர 10 கிலோமீட்டர் மிதித்தால் ஒரு நாளைக்கு 4,500 சுற்று. வருஷத்தில் 300 நாள் என்றால் 13 லட்சத்து 50 ஆயிரம் சுற்று. அத்தனை முறை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து விறைத்து, தளர்ந்து விறைத்து வேலை செய்கிறது.

கட்டட வேலையில் கட்டுக்கம்பியை எப்படி ஒடிக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். வெட்ட ஆயுதம் இல்லை என்றால் இப்படியும் அப்படியும் நாலு தடவை மடக்குவார்கள். கம்பி சூடாகி, சோர்ந்து, ‘டக்’ என்று ஒடிந்துவிடும். சைக்கிள் கம்பிக்கும் அதே கதிதான். நாலு தடவைக்குப் பதில் பல லட்சம் தடவை, அவ்வளவுதான் வித்தியாசம். என்ஜினீயர்கள் இதற்கு ‘உலோகக் களைப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாடு களைத்தால் படுத்துவிடும். இரும்பு களைத்தால் ஒடிந்துவிடும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இறுக்கமான கம்பிதான் சீக்கிரம் அறும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு! 

சரியான விறைப்பில் இருக்கும் கம்பி, தரைப் பக்கம் வரும்போது விறைப்பில் கொஞ்சத்தைத்தான் இழக்கும். தொள தொள என்று இருக்கும் கம்பியோ சுத்தமாகத் தளர்ந்து, ஹப் துவாரத்துக்குள் ஆடி, மேலே போகும்போது வெடுக்கென்று இழுபடும். கட்டுக்கம்பியை மடக்குகிற வேலை அங்கேதான் நடக்கிறது. போதாக்குறைக்கு அது சுமக்காத பங்கைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கின்றன. வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்தால் மற்றவர் முதுகு ஒடிவது போல!

பிரேத பரிசோதனை

கொலைக் கேசில் உடம்பைப் பார்த்தால் காயம் எங்கே என்று தெரியும். ஒடிந்த கம்பியும் அப்படித்தான். தூக்கிக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஹப் பக்கத்தில், தலைக்குக் கீழே கம்பி வளைகிற இடத்தில் ஒடிந்திருக்கிறதா? கேஸ் களைப்புதான். பெரும்பாலான கம்பிகள் ஒடிவது அந்தக் கழுத்தில்தான். ஒடிந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பக்கம் மழுங்கிக் கறுத்திருக்கும். இன்னொரு பக்கம் பளபளவென்று சொரசொரப்பாக இருக்கும். கறுத்த பக்கம் நாள்பட்ட விரிசல். பளபளப்பான பக்கம்தான் கடைசி நிமிஷத்தில் போனது. அதாவது கம்பி இன்று செத்தாலும் சாவு என்றைக்கோ ஆரம்பித்துவிட்டது.

ரிம் பக்கத்தில், நிப்பிள் மாட்டும் மரையில் ஒடிந்திருக்கிறதா? துருப் பிடித்திருக்கும், அல்லது கம்பி கோணலாக நின்று இழுபட்டிருக்கும்.

நடுவில் ஒடிந்திருக்கிறதா? வெளி ஆள் வேலை. செயின் கழன்று கம்பிக்குள் விழுந்திருக்கும். கேரியரில் கட்டிய கயிறோ, குச்சியோ, பூட்டோ மாட்டியிருக்கும்.

முன் சக்கரத்தை விடப் பின் சக்கரத்தில்தான் கம்பி அதிகம் ஒடியும். ஆளின் கனத்தில் பெரும் பங்கும், கேரியர் கனத்தில் கிட்டத்தட்ட முழுசும் பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. மிதிக்கிற இழுப்பும் அங்கேதான். அதிலும் பிரீவீல் பக்கத்துக் கம்பி போனால் தலைவலி இரட்டிப்பு. பிரீவீலைக் கழற்றினால்தான் புதுக் கம்பியை ஒழுங்காகக் கோக்க முடியும். “அதைக் கழட்ட டைம் ஆகும்பா, இப்படியே ஓட்டு” என்று அனுப்பிவிடுவது உண்டு. ஒன்று போன இடத்தில் பக்கத்துக் கம்பி இரட்டைச் சுமை சுமக்கும். ஒரு வாரத்தில் அதுவும் போகும். பிறகு ‘டங், டங்’ என்று வரிசையாகத்தான்!

இந்த விஷயத்தில் வெளிநாட்டில் பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்க என்ஜினீயர் 1981ஆம் ஆண்டில் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் போட்டார். சக்கரம் கட்டி முடித்ததும், இரண்டிரண்டு கம்பியாகக் கைக்குள் பிடித்து பலமாக அமுக்கி விட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய வேலை. அப்படிச் செய்தால் கழுத்து வளைவில் தங்கியிருக்கும் அழுத்தம் போய்விடும், கம்பி துவாரத்தில் ஒழுங்காக உட்காரும், ஆயுள் கூடும். காசு செலவில்லாத வேலை. வேண்டியது பொறுமை மட்டும்தான்.

முதல் சந்தேகம்: கம்பி

டூப்ளிகேட் கம்பி மார்க்கெட்டில் இல்லாமல் இல்லை. மட்டமான இரும்பு, கோணலான வளைவு, நகத்தால் சுரண்டினால் வந்துவிடும் முலாம் எல்லாம் உண்டு. சைக்கிள் கம்பிக்கும் ரிம்முக்கும் இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. ஆனால் கடையில் கட்டுக் கட்டாகத் தொங்குகிற கம்பியில் எது எந்த ரகம் என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

கடற்கரை ஊரில் துரு வேறு. காசிமேட்டில் மீன் ஏற்றி வரும் சைக்கிளைப் பார்த்தால் தெரியும். கேரியரில் கட்டிய கூடையிலிருந்து ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது. எவ்வளவு நல்ல கம்பியானாலும் அங்கே சீக்கிரம் அரித்துவிடும்.

இருந்தாலும் எல்லாப் பழியையும் கம்பி மேல் போட முடியாது. நல்ல கம்பியைத் தளர்வாகக் கட்டினால் அதுவும் ஒடியும். சுமாரான கம்பியை ஒழுங்காகக் கட்டினால் வருஷக் கணக்கில் ஓடும்.

இரண்டாவது சந்தேகம்: ரோடு

ரோட்டுக்காரர்கள் தப்பித்துக்கொள்வது எப்படி என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

பள்ளத்தில் விழுந்த உடனே கம்பி ஒடிவது குறைவு. அந்த அடியில் நடப்பது வேறு. ரிம் ஓர் இடத்தில் உள்ளே அமுங்கும். அமுங்கிய இடத்தில் இரண்டு மூன்று கம்பிகள் தளர்ந்துவிடும். சைக்கிள்காரர் இறங்கிப் பார்ப்பார். “ஒண்ணும் ஆகலை” என்று ஏறிப் போய்விடுவார். தளர்ந்த கம்பி அன்றிலிருந்து ஆட ஆரம்பிக்கும். மூன்று வாரமோ, இரண்டு மாதமோ கழித்து, வழவழ என்று தார் போட்ட நல்ல ரோட்டில் போகும்போது ஒடியும்!

குத்தியது ஒரு தெருவில்; செத்தது வேறு தெருவில். எந்த ஸ்டேஷனில் கேஸ் எழுதுவது? இந்தக் குழப்பத்தில்தான் பள்ளம் தோண்டியவர்கள் ஜாலியாகத் தப்பி விடுகிறார்கள்.

வேகத் தடை விஷயத்துக்கு வருவோம். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த முறைப்படி பொதுவான வேகத் தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். ஆனால் தெருக்களில் இருப்பது என்ன? இரண்டு முழ அகலத்தில் சுவர் மாதிரி எழுப்பிய சிமெண்ட் மேடு! கேபிள் புதைத்த கோடுகளில் மண் இறங்கி உண்டான பள்ளம்! ரோட்டு மட்டத்துக்குக் கீழேயோ மேலேயோ நிற்கும் பாதாளச் சாக்கடை மூடி! காருக்கு ஷாக் அப்சார்பர் இருக்கிறது. சாதா சைக்கிளுக்கு என்ன இருக்கிறது? டயரில் இருக்கும் காற்றும் ஆளின் இடுப்பும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. ரோட்டைத் தரமாக அமைக்காததாலோ பராமரிக்காததாலோ ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ, பொறுப்பான அதிகாரிக்கோ காண்டிராக்டருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198ஏ பிரிவு வழி செய்கிறது. நல்லது. ஆனால் கை கால் போனால்தான் கேள்வி. கம்பி போனால் கேள்வி இல்லை. கை கால் போவதற்கு முன்னால் போவது கம்பிதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை!

சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டிலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதத்தை இந்த இரு சாராருக்குச் செலவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. காகிதத்தில் சைக்கிளுக்கு ராஜ மரியாதை. தெருவில் ஓரம் கட்டு!

ஒரு காலத்தில் சைக்கிளுக்கு லைசென்ஸ் பில்லை போட்டு வரி வாங்கினார்கள். விளக்கு இல்லை என்றால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனால் பிடிக்கும். சைக்கிள்காரரைக் கண்டித்துத் திருத்துவதில் அன்றைக்கு இருந்த அக்கறையில் கால் பங்காவது இன்றைக்கு அவருடைய ரோட்டைத் திருத்துவதில் இருக்கக்கூடாதா?

மூன்றாவது சந்தேகம்: சுமை ஏற்றுபவர்

“ஓவர் லோடு” என்பது உண்மைதான். கனம் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தளர்ந்து விறைக்கும் ஆட்டமும் கூடும். களைப்பு சீக்கிரம் வரும்.

ஆனால் அந்த லோடை ஏற்றச் சொன்னவர் யார் என்று யாரும் கேட்பதில்லை!

20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல். இரண்டு மாட்டினால் 40 கிலோ, மூன்று மாட்டினால் 60 கிலோ. வீட்டு உபயோக காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. இத்தனையும் ஆசைக்கா ஏற்றுகிறார்? ஒரு நடைக்கு இத்தனை என்று கணக்கு வைத்துக் கொடுப்பவர் முதலாளி. நடை குறைந்தால் கூலி குறையும்.

பெரும்பாலும் சைக்கிள் வேலைக்காரருடையது; லாபம் ஏஜென்சிக்காரருடையது. ஒடிந்த கம்பிக்கும் கோட்டம் எடுக்கும் கூலிக்கும் வேலை கெட்ட நேரத்துக்கும் முதலாளி ஒரு பைசா கொடுப்பதில்லை. “உன் வண்டி, நீ பார்த்துக்கோ” என்பதுதான் பதில். செல்போனில் ஆர்டர் வாங்கி சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற இளைஞர்களின் கதையும் இதேதான். முன்பு முதலாளி எதிரே நின்று “கொடுக்க முடியாது” என்று சொல்வார். இப்போது சொல்வதற்குக் கூட ஆள் இல்லை!

நான்காவது சந்தேகம்: சைக்கிள் கடை

இங்கேதான் விசாரணை சூடு பிடிக்கிறது.

கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள் கடைக்கு முழு வண்டியாக வருவதை விட உதிரி உதிரியாக வருவது பழைய வழக்கம். ஹப் தனி, ரிம் தனி, கம்பி தனி. கடையில் உட்கார்ந்து சக்கரம் கட்டுவார்கள். ஒவ்வொரு கம்பியாகக் கோத்து, நிப்பிளைத் திருகி, விரலால் சுண்டி, ஒரே மாதிரி சத்தம் வருகிறதா என்று காதால் கேட்டு, ரிம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடாமல் கோட்டம் எடுத்து முடிக்க நேரம் பிடிக்கும். அந்த வேலை தெரிந்த பழைய மெக்கானிக்குகள் கட்டிய சக்கரம் பிள்ளை காலம் வரைக்கும் ஓடியது.

புதுச் சக்கரம் ஓட ஓட, கம்பிகள் துவாரத்தில் அழுந்தி உட்காரும். அதனால் விறைப்பு குறையும். இது இயற்கை. ஒரு மாதம் ஓட்டிய பிறகு திரும்பக் கொண்டுவந்து ஒரு முறை இறுக்கிக் கோட்டம் பார்த்தால் தீர்ந்தது. அந்த ஒரு முறையைத்தான் யாரும் செய்வதில்லை! விற்ற கடைக்காரர் சொல்லுவதில்லை. வாங்கியவருக்குத் தெரிவதில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டில் தொடங்கியது. முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. எத்தனையோ ஏழைப் பெண்களை மேல்நிலைப் பள்ளிவரை கொண்டுசேர்த்த நல்ல திட்டம். ஆனால் ஆயிரக்கணக்கான சைக்கிளை அவசர அவசரமாகப் பூட்டும்போது நட்டு முறுக்கவே நேரம் இல்லை. 72 கம்பியையும் சுண்டிப் பார்க்க யாருக்கு நேரம்? வாங்கிய கையோடு சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கலாம். சைக்கிள் இலவசம், ரிப்பேர் சொந்தச் செலவு!

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பஞ்சர் ஒட்டினால் உடனே காசு கிடைக்கிறது. ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து கோட்டம் எடுத்துவிட்டுக் கூலி கேட்டால், “ரெண்டு கம்பி திருகினதுக்கா இவ்வளவு?” என்று சண்டைக்கு வருகிறார்கள். மணிக் கணக்கு வாடகை சைக்கிள் போன பிறகு கடைகள் தெருத் தெருவாக மூடின. தொழில் கற்றுக்கொள்ளப் பையன்கள் வருவதில்லை. வயதான மெக்கானிக்கோடு அவர் காதும் கையும் போகின்றன. ‘வேலைக்குக் கூலி இல்லை’ என்றால் ‘கூலிக்குத் தகுந்த வேலை’தான் கிடைக்கும்.

ஐந்தாவது சந்தேகம்: சைக்கிள்காரர்

அவரும் முழு நிரபராதி இல்லை. காற்று இல்லாமல் ஓட்டுவது, நடைபாதை ஓரத்திலிருந்து தொப்பென்று இறக்குவது, ஒரு கம்பி ஒடிந்தும் “இன்னும் 39 இருக்கே” என்று சமாதானம் சொல்லிக்கொள்வது எல்லாம் உண்டு. ஆனால் நிற்க நேரமில்லாத ஆளிடம் போய், ஏன் குனிந்து பார்க்கவில்லை என்று கேட்பதில் அர்த்தம் குறைவு.

அவருக்காக ஒரு சுலபமான வழி: வாரத்துக்கு ஒரு நாள், அடுத்தடுத்த இரண்டு கம்பிகளைச் சேர்த்து விரலால் அமுக்கிப் பாருங்கள். சுற்றி எல்லாம் ஒரே மாதிரி எதிர்த்தால் நல்லது. எங்கேயாவது தொள தொள என்றிருந்தால் அன்றே கடைக்குப் போய்விட வேண்டும். விரலால் சுண்டினால் ‘டிங்’ என்ற சத்தம் வர வேண்டும். ‘டொப்’ என்றால் கெடு நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

தீர்ப்பு என்ன?

முதல் குற்றம் அவசரத்தின் மேல். தளர்வாகச் சக்கரம் கட்டி, ஒரு மாதம் கழித்து இறுக்கிக் கொடுக்காத விற்பனை முறைதான் முதல் குற்றவாளி. இரண்டாவது, ரிம்மை அமுக்கி அனுப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ரோடு. மூன்றாவது, சுமையைக் கொடுத்துச் செலவைக் கொடுக்காத முதலாளி. நான்காவது, மட்டமான கம்பி. ஐந்தாவது, கடைசிக்கும் கடைசியில்தான் சைக்கிள்காரர். 

ஆனால் பணம் கட்டும் வரிசையோ தலைகீழாக இருக்கிறது. குற்றம் ஒரு நாள், ஒடிவது ஒரு நாள் என்பதால் மற்ற நான்கு பேரும் கை கழுவிவிட்டார்கள். சம்பவ இடத்தில் சிக்கியவர் ஒருவர்தான். அவரே வாதி; அவரே பிரதிவாதி; அபராதம் கட்டுபவரும் அவரே!

இதை மாற்ற கோடிக் கணக்கில் பணம் வேண்டியதில்லை.

புது சைக்கிள் விற்கும் கடைகள், ஒரு மாதத்தில் இலவசமாகக் கோட்டம் பார்த்துத் தருவதாகப் பில்லிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர்களும் பில் இல்லாமல் வாங்கக்கூடாது. பில் இருந்தால்தான் நுகர்வோர் கமிஷனுக்குப் போக முடியும். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது.

இலவச சைக்கிள் கொடுக்கும் பள்ளிகளில், கொடுத்த ஒரு மாதத்துக்குள் மெக்கானிக்கை வரவழைத்து ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும். ஊரில் மிச்சமிருக்கும் பழைய மெக்கானிக்குகளுக்கு அதில் கூலியும் கிடைக்கும். பிள்ளைகளில் நாலு பேர் தொழிலையும் கற்றுக்கொள்வார்கள்.

தண்ணீர் கேன், பால், பேப்பர், சாப்பாடு என்று சைக்கிளை நம்பித் தொழில் நடத்துபவர்கள், மாதா மாதம் ரிப்பேர் படி கொடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் படி கொடுக்கும்போது சைக்கிளுக்கு மட்டும் என்ன பஞ்சம்?

ரோட்டைத் தோண்டுகிற எந்தத் துறையாக இருந்தாலும், மூடி மட்டம் பார்த்துத் தார் போடும் வரை அந்தப் பள்ளம் அவர்கள் கணக்கில்தான் என்று மாநகராட்சி அறிவிக்க வேண்டும். பள்ளத்தைக் கண்டால் 1913க்குப் போன் செய்து புகார் எண் வாங்க சைக்கிள்காரர்களும் தயங்கக் கூடாது. கார்க்காரர் போன் செய்கிறார், சைக்கிள்காரர் செய்வதில்லை. அதனால் கார் போகிற நடு ரோடு சரியாகிறது. சைக்கிள் போகிற ஓரம் அப்படியே கிடக்கிறது!

மழைக்காலம் வந்தால் ஓரத்துப் பள்ளம் தண்ணீருக்கு அடியில் மறைந்துவிடும். அதில் அமுங்கப் போகிற ரிம்முக்கும், பிறகு ஒடியப் போகிற கம்பிக்கும், அன்றைக்குக் கெடப் போகிற கூலிக்கும் இப்போதே யாராவது பொறுப்பு ஏற்பார்களா? அல்லது வழக்கம் போல் சைக்கிள்காரரின் சட்டைப் பையைத்தான் தடவிப் பார்ப்பார்களா?